திரைக்குள் திருச்சபை – 8: மேடை தெரிகிறது, கமிட்டி அறை தெரியவில்லை

ஊரடங்குக் காலத்தில் ஆராதனை கைப்பேசிக்குள் குடிபுகுந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 2020 மார்ச்சில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம், ஊரடங்கு முடிந்த பிறகும் போகவில்லை. விசுவாசிகளில் பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பாமல் திரையோடு ஒட்டிக்கொண்டவர்கள் யாரென்று பார்த்தால், போதகர்கள்தான். அடுத்த ஊர்ச் சபையில் என்ன நடக்கிறது, அடுத்த கண்டத்துச் சபையில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கும் ஆசை அவர்களுக்கு அதிகம். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தொழிலிலும் கெட்டிக்காரன் கண் அடுத்தவன் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் எதைப் பார்க்கிறார்கள்?

முன்பெல்லாம் உபதேசியார் ஒருவர் குருவானவரோடு சைக்கிளில் சேகரத்து ஊர்களைச் சுற்றுவார். ஐயர் பிரசங்கம் பண்ணுவதைக் கேட்பார். அதோடு நிற்காது. சாவு வீட்டில் ஐயர் எங்கே உட்காருகிறார், அசனத்துக்கு வசூலான பணத்தை யாரிடம் எண்ணக் கொடுக்கிறார், இரண்டு குடும்பம் பேசாமல் இருந்தால் முதலில் எந்த வீட்டுக்குப் போகிறார், சேகரக் கமிட்டியில் பொருளாளர் குரலை உயர்த்தும்போது ஐயர் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் கூடவே கண்ணில் படும். பாடம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து அந்த உபதேசியார் தானே ஒரு சேகரத்தை நடத்தும்போது கைகொடுத்தது அந்தப் படிப்புதான்.

இன்று ஊழியத்துக்கு வரும் இளைஞரும் மதுரை அரசரடியிலோ சென்னை குருகுலத்திலோ இறையியல் படிக்கிறார். கூடவே ஓக்லஹோமாவில் லைஃப் சர்ச்சை நடத்தும் கிரெய்க் குரோஷெல் 2016 முதல் வெளியிட்டுவரும் தலைமைத்துவ பாட்காஸ்டும் அவர் காதில் ஓடுகிறது. (நம்மில் பலர் தமிழ் வேதாகமம் வாசிக்கும் யூவெர்ஷன் செயலி அந்தச் சபையின் தயாரிப்புதான். 2008-இல் வந்தது. நல்ல காரியம்.) பாட்காஸ்டாவது அரைமணி, முக்கால் மணி ஓடும், பொறுமையாகக் கேட்டால் விஷயம் இருக்கும். பெரும்பாலும் கைக்கு வந்து சேர்வது ரீல்ஸ். நாற்பது விநாடி, செங்குத்துத் திரை. பின்னால் மெல்ல ஒரு பியானோ. சொல்லுக்குச் சொல் மஞ்சள் எழுத்து மின்னி மறைகிறது. போதகர் ஒரு வரி சொல்கிறார், நிறுத்துகிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அதற்குள் வீடியோ முடிந்து திரும்ப முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது.

நாற்பது விநாடியில் கற்றுக்கொள்ள முடிந்ததை நம் ஆட்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிரசங்க பீடம் போய் உயர்ந்த ஸ்டூலும் வட்ட மேசையும் வந்தாயிற்று. மேடைச் சுவருக்குக் கறுப்புப் பெயின்ட். கன்னத்தை ஒட்டி மைக். தமிழுக்கு நடுவே ‘விஷன்’, ‘இம்பாக்ட்’, ‘நெக்ஸ்ட் லெவல்’. இவற்றைக் கிண்டல் செய்வது சுலபம், அதற்காக இந்தத் தொடரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவதால் ஒரு சபையும் கெட்டுப்போகாது. அந்த ஸ்டூலோடு கூடவே வந்திருக்க வேண்டியது எது, வராமல் போனது எது என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவின் சியாட்டல் நகரத்து மார்ஸ் ஹில் சபையை எடுத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து கற்றல் என்பதன் முழு ருசியும் முழுக் கசப்பும் அந்த ஒரு சபையிலேயே இருக்கிறது.

1996-இல் மார்க் டிரிஸ்கால் என்ற இளைஞர் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து அதைத் தொடங்கினார். கோயில் வாசலை மிதிக்காத இளைஞர்கள் நிறைந்த நகரம் அது. ராக் இசையும் டெனிம் சட்டையும் காரசாரமான பேச்சுமாகச் சபை வளர்ந்தது. இணையத்தின் வலுவைத் திருச்சபைகள் உணர்வதற்கு முன்பே மார்ஸ் ஹில் உணர்ந்துகொண்டது. பிரசங்கங்கள் உடனுக்குடன் பாட்காஸ்டாகவும் வீடியோவாகவும் உலகம் முழுக்கப் போயின. டிரிஸ்கால் ஓரிடத்தில் பேசுவார். கிளைச் சபைகளில் அதைப் பெரிய திரையில் பார்ப்பார்கள். உச்சத்தில் ஐந்து மாநிலங்களில் 15 இடங்கள். வாரத்துக்கு 12,000 பேருக்கு மேல். அதாவது அந்தச் சபையின் சொந்த உறுப்பினர்களிலேயே பெரும்பாலோர் தங்கள் போதகரைத் திரையில்தான் பார்த்தார்கள். அவருக்கும் சியாட்டலுக்கும் சம்பந்தமே இல்லாத போதகர்கள் எத்தனையோ நாடுகளில் அவருடைய சட்டையையும் குரலையும் கோபத்தையும் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே காலத்தில் உள்ளே நடந்தது வேறு கதை. 2007-இல் சபையின் துணைவிதிகளை மாற்ற முயன்றார்கள். அதுவரை மூப்பர்கள் எல்லோருக்குமாக இருந்த அதிகாரம் மேலே உள்ள சிலரின் கைக்குப் போகும் மாற்றம் அது. பால் பெட்ரி, பென்ட் மேயர் என்ற இரண்டு மூப்பர்கள் கேள்வி கேட்டார்கள். இருவரும் பதவி நீக்கப்பட்டார்கள். பெட்ரியோடு பழக வேண்டாம் என்று சபையாருக்கே சொல்லப்பட்டது. நீக்கத்துக்கு மறுநாள், டிரிஸ்கால் ஊழியர்களுக்கான வகுப்பு ஒன்றில், சபை என்னும் பேருந்து ஓட ஓட அதன் பின்னால் சடலங்கள் குவியும், இன்னும் குவியவேண்டும் என்ற பொருள்படப் பேசினார். அந்த ஒலிப்பதிவு வெளியே வர வருஷங்கள் ஆயின. ஞாயிறு பிரசங்கம் மட்டும் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

2012 ஜனவரியில் டிரிஸ்காலும் மனைவியும் எழுதிய திருமண வாழ்க்கை பற்றிய புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது தேவ ஆசீர்வாதம். 2014 மார்ச்சில் ‘வேர்ல்ட்’ பத்திரிகை உண்மையை வெளியிட்டது. பட்டியலில் இடம்பிடிக்க வைக்கும் நிறுவனம் ஒன்றோடு சபை ஒப்பந்தம் போட்டு, 2 லட்சம் டாலருக்கும் மேல் செலவழித்திருந்தது. காணிக்கைப் பணம்! அதே ஆண்டு ஆகஸ்டில் முன்னாள் போதகர்கள் 21 பேர் எழுத்துமூலம் குற்றச்சாட்டு கொடுத்தார்கள். அவர் தொடங்கி வளர்த்த ஆக்ட்ஸ் 29 என்ற சபைகளின் கூட்டமைப்பே அவரை நீக்கியது. அக்டோபர் மாதம் டிரிஸ்கால் பதவி விலகினார். அந்த மாதக் கடைசியில், சபையைக் கலைப்பதாக அறிவித்தார்கள். 15 இடங்களில் 12,000 பேர் கூடிய சபை, போதகர் விலகிய இரண்டரை மாதத்தில் 2015 புத்தாண்டன்று இல்லை.

பெரிய ஆள் விழுந்த கதை நமக்குப் புதிதில்லை. 1946-இல் சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற ரவி சகரியாஸ் 2020 மே மாதம் மறைந்தபோது அஞ்சலி வீடியோக்கள் வழிந்தன. 2021 பிப்ரவரியில், அவருடைய அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை அவருடைய பாலியல் முறைகேடுகளை உறுதிசெய்தது. யார் விழுந்தார் என்று பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. மார்ஸ் ஹில்லில் உறுத்துவது வேறு: 2007 தொடங்கி 2014 வரை, அந்தச் சபையிடமிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய மிக முக்கியமான பாடம் துணைவிதியில் இருந்தது. உலகம் கற்றுக்கொண்டது பேச்சு நடையை. துணைவிதியை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. அந்தப் பாடம் வெளியே வந்தது எப்போது? சபை உடைந்த பிறகு. 2021-இல் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் அந்தச் சபையின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் நீண்ட பாட்காஸ்டாக வெளியிட்டபோது உலகமே கேட்டது. வாழ்ந்த காலத்தில் போதகர்களுக்கு அந்தச் சபை கற்றுக்கொடுத்ததைவிட, செத்த பிறகு கற்றுக்கொடுத்தது அதிகம்.

சிகாகோவுக்கு அருகே உள்ள வில்லோ க்ரீக் சபையின் கதை இன்னும் கூர்மையானது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பில் ஹைபெல்ஸ் 1975-இல் ஒரு சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொடங்கிய சபை. 1995 முதல் அது நடத்திய தலைமைத்துவ மாநாடு செயற்கைக்கோள் வழியாகவும் பிறகு வீடியோ வழியாகவும் உலகெங்கும் போனது. தலைமைத்துவத்தைத் தூரத்திலிருந்து கற்பிப்பதையே ஒரு துறையாக்கியவர்கள் இவர்கள்தான். 2018 மார்ச்சில் ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழ், ஹைபெல்ஸ் மீது பெண்கள் சொன்ன புகார்களை வெளியிட்டது. அவர் மறுத்தார், ஏப்ரலில் பதவி விலகினார். ஆகஸ்டில், மாநாட்டுக்கு முந்தைய நாள், மூப்பர்கள் அத்தனை பேரும் தாங்கள் விசாரித்த விதம் தவறென்று ஒப்புக்கொண்டு மொத்தமாக விலகினார்கள். தலைவரைக் கேள்வி கேட்பது எப்படி என்பதுதான் தலைமைத்துவப் பள்ளிக்கூடத்தில் நடத்தப்படாத பாடம்.

அப்படியானால் தூரத்திலிருந்து எதையும் கற்க முடியாதா? முடியும். அதற்கு நம் தரங்கம்பாடியே சாட்சி.

1706 ஜூலையில் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூச்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1709-இல் லண்டனில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்ற சின்ன ஊர். அங்கே குருவானவர் சாமுவேல் வெஸ்லி, திருச்சபைப் பேரவைக்காக 1711-12 குளிர்காலத்தில் லண்டன் போயிருந்தார். வீட்டில் மனைவி சூசன்னாவும் பிள்ளைகளும். உதவிக் குருவின் பிரசங்கம் உப்புச்சப்பில்லாதது. சூசன்னா ஞாயிறு மாலை அடுக்களையில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஜெபமும் பிரசங்கமும் வாசிக்கத் தொடங்கினார். அந்தச் சமயத்தில் மகள் எமிலியா அப்பாவின் படிப்பறையிலிருந்து இந்தத் தரங்கம்பாடிப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தாள்.

படித்து முடித்த சூசன்னாவுக்குக் கப்பலேறித் தரங்கம்பாடிக்குப் போக வழியில்லை. அவர் செய்தது இது: ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசுவது. திங்கள் மாலை மோலிக்கு. வியாழன் ஜாக்கிக்கு. சனிக்கிழமை சார்லஸுக்கு. வியாழக்கிழமை ஜாக்கிக்கு அப்போது எட்டு வயது. பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஞாயிறு மாலைக் கூட்டத்துக்குப் புத்தக அலமாரியிலேயே சிறந்த பிரசங்கங்களைத் தேடி எடுத்து வாசித்தார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, இருநூறு பேருக்கு மேல் கூடினார்கள்; நிற்க இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். உதவிக் குரு லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர், நிறுத்திவிடலாமே என்று எழுதினார். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் தெளிவாகக் கட்டளையிடுங்கள், அதன் பொறுப்பு உங்களுடையது என்று சூசன்னா பதில் போட்டார். கட்டளை வரவில்லை.

இந்தியாவில் என்ன செய்கிறார்கள் என்று வாசித்த அந்த அம்மா, இந்தியாவைப் போலச் செய்யவில்லை. எப்வொர்த்தில் எட்டு வயதுப் பையனுக்கு வியாழக்கிழமையைக் கொடுத்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதித்தபோது அதில் இணைந்தவற்றுள் மெதடிஸ்ட் சபையும் ஒன்று. தரங்கம்பாடியிலிருந்து போனது சுற்றிக்கொண்டு வந்து சேர இருநூற்று முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

ஆனால் அந்தக் கடிதக் காலத்தையும் ஒரேயடியாகக் கொண்டாடிவிட வேண்டாம். தரங்கம்பாடியிலிருந்து வந்தவற்றை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் 1710 முதல் தொடர் அறிக்கைகளாக அச்சிட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் வெட்டினார்கள், திருத்தினார்கள். நன்கொடை கொடுப்பவர்களை முகம் சுளிக்க வைப்பது உள்ளே போகாது. தமிழர் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த பெரிய நூலை அவர்கள் அச்சிடவே இல்லை. 1867-இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. அதாவது நல்ல முகத்தை மட்டும் காட்டும் வேலை ரீல்ஸோடு பிறந்ததில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. கோபன்ஹேகனில் மிஷன் செயலாளராக இருந்த வெண்ட், தரங்கம்பாடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்போஸ்தலர்களைப் போல ஒன்றுமில்லாமல் அலையவேண்டியதுதானே, கட்டடமும் பள்ளிக்கூடமும் எதற்கு என்கிற போக்கில் அவர் எழுதிய கடிதங்கள் சீகன்பால்குவின் கடைசிக் காலத்தை வேதனையாக்கின. 1719 பிப்ரவரியில் 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். தூரத்திலிருந்து பார்த்துக் கமென்ட் போடுவதற்கும் மூன்று நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

தூரத்திலிருந்து சபை நடத்தியவர்களில் மூத்தவர் பவுல். கொரிந்து சபைக்கு அவர் எழுதியதைத் திறந்து பாருங்கள். சண்டை பற்றிய தகவல் தனக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. குலோவேயாளின் வீட்டார் சொன்னார்கள் என்று பெயரோடு எழுதுகிறார். எருசலேமுக்கான காணிக்கையைத் திரட்டும்போது, தீத்துவோடு இன்னொரு சகோதரரையும் அனுப்புகிறார். அந்தச் சகோதரரைத் தெரிந்தெடுத்தவர் பவுல் இல்லை, சபைகள். பண விஷயத்தில் யாரும் ஒரு குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்று காரணமும் சொல்கிறார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். தசமபாகத்துக்கு வசனம் எடுக்கும் வேகத்தில் அடுத்த அதிகாரத்துக்குத் தாவிவிடுவதால் இந்தப் பகுதி நம் மேடைகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இந்த வரிசையில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 1989-இல் ரிடீமர் சபையைத் தொடங்கிய டிம் கெல்லர். அவர் எந்த ஆராதனையில் பேசுவார் என்று முன்கூட்டி விளம்பரம் செய்ய மாட்டார்கள். ஆளைத் தேடிக் கூட்டம் ஓடக் கூடாது என்பதற்காக. 2017-இல் அவர் தலைமைப் போதகர் பொறுப்பை விட்டபோது அந்தப் பெரிய சபையை மூன்று தனிச் சபைகளாகப் பிரித்துவிட்டார்கள். 2023 மே மாதம் அவர் இறந்தார், சபைகள் நடக்கின்றன. கெல்லரின் பிரசங்கத் துணுக்குகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, நம் போதகர்களும் பகிர்கிறார்கள். பெயரை அறிவிக்காத அந்த ஏற்பாட்டை நம் ஊரில் பகிர்ந்தவர்களை நான் பார்க்கவில்லை. கன்வென்ஷன் போஸ்டரில் போதகர் முகம் எத்தனை அடி உயரம் என்று போட்டி நடக்கும் ஊர் இது.

கமிட்டியும் விதியும் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபையில் சேகரக் கமிட்டி தொடங்கி சினாடு வரை கமிட்டிகளுக்குக் குறைவே இல்லை. தேர்தல் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றப் படியேறுவதும் நிற்கவில்லை. ஆனாலும் அங்கே வழக்குப் போட ஒரு விதியாவது இருக்கிறது. அப்பா ஸ்தாபகர், அம்மா பொருளாளர், மகன் அடுத்த போதகர், மருமகன் டிரஸ்டி என்று நடக்கும் சுயாதீனச் சபையில் கேள்வி கேட்பவருக்கு வெளியே போகும் வாசல் ஒன்றுதான் உண்டு. மேடையை மட்டும் பார்த்துச் சபை நடத்தக் கற்பது, கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பம் நடத்தக் கற்பதுதான்.

என் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். தூரத்துச் சபையிடமிருந்து பிரசங்க நடையைக் கற்கும் போதகருக்குப் பெரிய லாபமில்லை; அது அவருக்கும் பொருந்தாது, அவர் ஜனங்களுக்கும் பொருந்தாது. அந்தச் சபையின் ஆண்டுக் கணக்கு எங்கே வெளியிடப்படுகிறது, போதகர் சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார், அவர்மேல் புகார் வந்தால் எங்கே போகும் என்பவற்றைத் தேடிப் படிப்பவருக்கு நிறைய லாபம் உண்டு. அவையும் இணையத்தில் கிடைக்கின்றன. வில்லோ க்ரீக் விவகாரத்தை ஆராய்ந்த சுயேச்சைக் குழு 2019-இல் கொடுத்த அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது. ரவி சகரியாஸ் பற்றிய அறிக்கையும் இருக்கிறது. நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன. பின்னணியில் பியானோ கிடையாது, அவ்வளவுதான்.

வாசிக்கும் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சேகரக் கமிட்டியிலோ மூப்பர் கூட்டத்திலோ உங்கள் சபையின் விதிகளை மேசைமேல் வையுங்கள். போதகர்மேல் ஒருவருக்குப் புகார் இருந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராவிட்டால் அன்றைக்கே எழுதி, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். போதகர் அல்லாத வாசகர்கள், அப்படி ஒரு தாள் உங்கள் கோயில் பலகையில் இருக்கிறதா என்று வருகிற ஞாயிறு பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)